ஊதுபத்தி மெஷினில் இடியாப்பம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடந்த ஓர் ஊதுபத்தி மெஷினை, பதினேழு கிலோமீட்டர் தள்ளி மைசூரில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே இடியாப்பம் பிழிய வைத்தவள் தான் என்று ஜெசிந்தா சொல்வாள். அதுவும் ஒன்றிரண்டு அல்ல, நிமிஷத்துக்கு நூற்றைம்பது. கேட்பவர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்தபடியாக அவள் கையிலிருக்கும் காபி டம்ளரை முகர்ந்து பார்ப்பார்கள்.

மாயமந்திரம் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. மெஷின்களுக்குக் கையேடு எழுதுவதுதான் வேலை. ரிங் ரோட்டை ஒட்டி இருந்த அந்தக் கம்பெனி பதினோரு வகை மெஷின் செய்தது. ஊதுபத்தி உருட்ட ஒன்று, இடியாப்பம் பிழிய ஒன்று, சாக்பீஸ் வார்க்க ஒன்று, இப்படி. உடம்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதே மோட்டார், அதே பல்சக்கரம், அதே பச்சைப் பெயிண்ட். கலவை வெளியே வரும் மூக்கு மட்டும் வேறு. ஆகவே கையேட்டிலும் பாதிக்குப் பாதி ஒன்றுதான். அந்தப் பாதியைப் பதினோரு தடவை எழுதிச் சாவதற்கு ஜெசிந்தாவுக்கு என்ன பைத்தியமா? சாஃப்ட்வேரில் ஒரு பத்தியை ஒரு தடவை எழுதி வைத்தால் போதும், பதினோரு புத்தகத்திலும் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பிழையைத் திருத்தினால் பதினொன்றும் திருந்தும். ஒரு பிழையைச் செய்தால் என்னவாகும் என்பதை நாலு வருஷமாக அவள் யோசிக்கவே இல்லை.

அவளுடைய ஆயுட்கால எதிரி சர்வீஸ் இன்ஜினியர் கிங்ஸ்லி. எதிரி என்றால், ஒரே சர்ச், ஒரே கேண்டீன் மேஜை, மத்தியானம் அவள் டப்பாவிலிருந்து மீன் துண்டை எடுத்துத் தின்கிற எதிரி. "புக்கை யாருக்கா படிக்கிறா?" என்று அவன் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு செங்கல் அடுக்கியிருந்தால், சாமுண்டி மலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மலை எழும்பி, அதற்கும் ஆயிரம் படி வெட்டியிருப்பார்கள்.

ஜெசிந்தா ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் கேள்வி மேனேஜர் பிரசாந்தின் காதில் ஏறிவிட்டது. பிரசாந்த் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது கொஞ்சம் நொண்டும். கையேட்டுப் பிரிவை மூடிவிட்டு, கிங்ஸ்லியை வைத்து நாலு வீடியோ எடுத்துப் போட்டுவிடலாம் என்று அவர் முடிவுகட்டினார். ஜெசிந்தா எப்படியும் வீட்டுக்குப் போகிறவள். அவளோடு வேலை பார்த்த ஜீவிதா பார்சல் கட்டும் பகுதிக்குப் போவாள்.

அங்கேதான் ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஜீவிதாவின் அப்பாவும் அம்மாவும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள். வேலையும் சாதாரணமாகப் பார்க்கிறவள் அல்ல. ஒரு கமா இடம் மாறியிருந்தால் அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

"எல்லாரும் வேணாங்க அக்கா," என்றான் கிங்ஸ்லி, பிரசாந்த் முன்னாலேயே. "ஒரே ஒரு ஆளு. மைசூர்ல, மண்டியால, சாம்ராஜ்நகர்ல, எங்க வேணா. முழுசா படிச்சவங்க ஒருத்தரைக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கிறேன்."

"நீ வாயை மூடினா கர்நாடகாவுக்கே கரண்ட் மிச்சம்," என்றாள் ஜெசிந்தா.

பிரசாந்த் சிரித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம், ஜெசிந்தா அவ்ரே. ஒருத்தர் சிக்கினா செக்ஷன் இருக்கும்," என்றார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இரண்டு பெண்களும் மெஷின் வாங்கியவர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள். நஞ்சன்கூட்டுக்காரர், அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை என்றார். ஜெசிந்தா பூரித்துப்போய் விசாரித்தால், மெஷினின் ஒரு கால் குட்டை, அதன் அடியில் வைத்திருக்கிறாராம். ஹுணசூர்க்காரர் புதுசு கெடாமல் இருக்கட்டும் என்று கவரையே பிரிக்கவில்லை. இன்னொருவர், "படிச்சேம்மா, முழுசா படிச்சேன், நல்ல கதை," என்றார். ஜீவிதா போனை வைத்துவிட்டு மேஜையில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் கம்பெனி வாட்ஸப்புக்கு ஒரு கடிதம் படம் படமாக வந்து விழுந்தது. கோடு போட்ட தாளில் நாலு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. எழுதியவள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கும் மாதம்மா. ஒரு மாதம் முன்பு ஊதுபத்தி மெஷின் வாங்கியவள். ஜீவிதா எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள்:

"ஐயா, உங்கள் புத்தகத்தைப் போனில் திறந்து முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை இரண்டு தடவை படித்துவிட்டு, அதன்படியே செய்தேன். ஐந்தாம் பகுதி ஆறாவது படியில் 'கலவை தயாரித்தல் பகுதியைப் பார்க்கவும்' என்று இருந்தது. விரலால் தொட்டேன். அரிசி மாவு, கொதிநீர், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் என்று வந்தது. பிசைந்தேன். மூங்கில் குச்சியை வைத்து மெஷினை ஓட்டினேன். ஒவ்வொரு குச்சியிலும் ஓர் இழை சுற்றி வந்தது. எட்டு நிமிஷம் ஆவியில் வேக வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். ஏலக்காய் போட்ட தேங்காய்ப் பாலில் நனைக்கச் சொன்னீர்கள், நனைத்தேன். கடைசியாக, ஊதுபத்தியை ஏற்றி மணம் சோதிக்கவும் என்று இருக்கிறது. அரைப் பெட்டி தீக்குச்சி செலவழித்தும் பற்றவில்லை. ஆவன செய்யவும்."

ஜெசிந்தா ஜீவிதாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலமாரியைச் சுற்றி ஒரு சுற்று ஆடினாள். இரண்டாவது சுற்றில் ஜீவிதா நின்றுவிட்டாள்.

"மேடம். அந்த அஞ்சாம் பகுதி நம்ம பொதுப் பத்தி."

"ஆமா."

"அதை நீங்க இடியாப்பப் புக்குக்காக முதல்ல எழுதினீங்க. அதுல இருக்கிற லிங்க்கும் அந்தப் புக்குக்குள்ளதான் போகும். பத்தியை மத்த பத்துப் புக்குலயும் போட்டோம். லிங்க் மட்டும் அப்படியே இருக்கு. சாக்பீஸ் மெஷின் வாங்கினவங்க தொட்டாலும் இடியாப்பம்தான். போன வருஷமே சொன்னேன், இல்லையா?"

"சொன்னே. நான் என்ன சொன்னேன்?"

ஜீவிதா கொஞ்சம் தயங்கினாள். "'அதை யாருடி படிக்கப் போறா'ன்னீங்க."

ஜெசிந்தா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். படித்தவள் ஒருத்தி கிடைத்திருக்கிறாள். அவளைக் காட்டினால் முப்பது வருஷ சர்வீஸின் கடைசி மாதத்தில் பதினோரு புத்தகத்திலும் தான் போட்ட பிழையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கிங்ஸ்லி அதை வழியனுப்பு விழாவில் மைக் பிடித்துச் சொல்வான். அவள் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தாள். அப்புறம் அரைப் பெட்டி தீக்குச்சியை நினைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவளை நிறுத்த ஜீவிதா தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

"நான் பிரசாந்த்கிட்டே போறேன். என் தப்புன்னு நானே சொல்லிடறேன். நீ அதுக்குள்ள பதினொன்னையும் சரி பண்ணிடு."

சரி பண்ணுவது ஜீவிதாவுக்குக் கடினமில்லை. பொதுப் பத்தியில் விலாசம் எழுதாமல் பெயரை மட்டும் எழுத வேண்டும். 'அக்ரஹாரத்தில் மூன்றாவது வீட்டுச் சமையலறைக்குப் போ' என்றால் எந்த ஊர்க்காரனும் அந்த ஒரே வீட்டில்தான் போய் நிற்பான். 'சமையலறைக்குப் போ' என்றால் அவனவன் வீட்டுச் சமையலறைக்குப் போவான். ஜீவிதா பத்தியில் பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதை ஒவ்வொரு புத்தகத்திலும் தனித்தனியாகச் சொல்லிவைத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினோரு புத்தகமும் ஒழுங்காகத் தத்தம் வீட்டுக்குள் இருந்தன.

இதற்கிடையில் பிரசாந்தின் அறையில் கடிதத்தைப் படித்த கிங்ஸ்லி, "அக்கா, நீங்களே எழுதி யாரையோ விட்டு அனுப்பச் சொல்லியிருக்கீங்க," என்றான். "அந்த மெஷின் மூக்குல அரிசி மாவு நகராது. ஸ்வல்பமும் நகராது. முப்பது வருஷமா கழட்டி மாட்டறவன் சொல்றேன்."

"அப்போ போய்ப் பார்த்துட்டு வாங்க," என்றார் பிரசாந்த். "கிங்ஸ்லி, நீங்க ஆமான்னா செக்ஷன் இருக்கும். இல்லேன்னா மூடிடலாம்."

ஆக, ஜீவிதாவின் மேஜை கிங்ஸ்லியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. செக்ஷனை மூடினால் வீடியோவில் வரப்போவதும் அவன் முகம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வேனில் கிங்ஸ்லியும் ஜெசிந்தாவும் மாதம்மா வீட்டுக்குப் போனார்கள். மாதம்மா ஹனூர்ப் பக்கம் பிறந்து இங்கே வாழ வந்தவள்; ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கிங்ஸ்லி வாசலிலேயே ஆரம்பித்தான்.

"அந்த இடியாப்பம் எங்கே போட்டிருக்குன்னு காட்டுங்கம்மா."

மாதம்மா போனைத் திறந்து, ஐந்தாம் பகுதி ஆறாம் படியைத் தொட்டாள். கரித்தூள், மரத்தூள், பசைக்கு ஜிகட் பொடி என்று வந்தது. மறுபடி தொட்டாள். மறுபடியும் கரித்தூள்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்களே," என்றாள்.

நேற்றுத் திருத்தியது போன் புத்தகத்திலும் வந்துவிட்டது, அதைச் சொன்னால் கிங்ஸ்லி நம்பமாட்டான் என்று ஜெசிந்தாவுக்கு உறைத்தது. ஜீவிதா அவ்வளவு சுத்தமாகச் சரி பண்ணியிருந்தாள். கடவுளே இறங்கி வந்து தேடினாலும் அந்தப் புத்தகத்தில் ஒரு பருக்கை அரிசி அகப்படாது.

"நான் சொன்னேன்ல," என்றான் கிங்ஸ்லி. அவன் முகம் தீபாவளி மாதிரி இருந்தது. "கிளம்பலாமா அக்கா?"

"இருங்க," என்றாள் மாதம்மா. "புஸ்தகத்துல இல்லாட்டி போவுது. எனக்குத்தான் மனப்பாடமாச்சே."

அவள் ஒரு தேக்சா நிறைய மாவு பிசைந்து வந்தாள். கரித்தூள் ஒரு துளிகூடத் தொடாத புது மெஷின், மூக்கு வெள்ளிக் கிண்ணம் மாதிரிப் பளபளத்தது. சுவிட்சைப் போட்டாள். ஜெசிந்தா மாதாவை வேண்டிக்கொண்டாள். மெஷின் ஒரு தடவை கனைத்தது, பிறகு படபடவென்று வெள்ளை வெள்ளையாகக் குச்சிகளைத் துப்ப ஆரம்பித்தது. தட்டு நிறைந்து, முறம் நிறைந்து, ஜெசிந்தா தன் துப்பட்டாவை ஏந்திக்கொண்டு நிற்கும்படி ஆகிவிட்டது. நடுவில் ஒரு குச்சி சிக்கிக்கொண்டது. கிங்ஸ்லி பழக்கதோஷத்தில் விரலை நீட்டினான்.

"எடுங்க கைய," என்றாள் மாதம்மா. "நாலாம் பகுதி, ரெண்டாவது எச்சரிக்கை. சுவிட்ச அணைச்சுப்போட்டு, சக்கரம் நிக்கற வரைக்கும் பத்து எண்ணோணும். அப்புறந்தான் தொடோணும். நீங்க படிக்கலீங்களா?"

"பத்தா? அப்படி எங்கேயும் போடலியே."

மாதம்மா போனை நீட்டினாள். போட்டிருந்தது. எழுதிய ஜெசிந்தாவுக்கே மறந்துபோயிருந்தது. கிங்ஸ்லி சுவிட்சை அணைத்தான். மாதம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்ததால், வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினான்.

"இடது பக்க பேரிங்குக்கு எண்ணெய் எப்பன்னு தெரியுங்களா?" என்றாள் மாதம்மா.

"மாசம் ஒரு தடவை."

"முப்பது மணி நேரத்துக்கு ஒருக்கா. ஏழாம் பகுதி." அவள் ஜெசிந்தா பக்கம் திரும்பினாள். "இவரு புதுசுங்களா?"

ஜெசிந்தா சுவரில் சாய்ந்து, துப்பட்டா இடியாப்பம் சிதறாமல் சிரிப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சரிம்மா," என்றாள் மூச்சு வாங்கியதும். "இது பலகாரம்னு தெரிஞ்சும் எதுக்குப் பத்த வெச்சீங்க?"

"மொத வாட்டி செய்யறப்போ, மிசினு செஞ்சவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேனுங்க. பத்த வெக்கறப்போ, இவங்க எதுவரைக்கும் போவாங்கன்னு பாத்துரலாமுன்னு."

வெந்ததும் தேங்காய்ப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். குச்சிக்கு ஓர் இழை என்பதால் ஒரு வாய் நிறைவதற்கே ஏழெட்டுக் குச்சி ஆனது. கிங்ஸ்லி ருசி பார்ப்பதாக ஒன்றை எடுத்தான். சரியாகத் தெரியவில்லை என்று இன்னொன்றை எடுத்தான். கிளம்பும்போது அவன் பக்கத்தில் இருந்த வெறுங்குச்சிகளை வைத்து ஒரு கோழிக்கூடு கட்டியிருக்கலாம்.

திரும்பும் வழியெல்லாம் அவன் பல் குத்திக்கொண்டே வந்தான். பிரசாந்திடம் என்ன சொல்லப் போகிறான் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. கேட்டால் அவன் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

நாலு மணிக்குப் பிரசாந்தின் அறையில் ஜீவிதா கதவோரம் நின்றிருந்தாள். பார்சல் பகுதிக்காரர்கள் அவளுக்கு அளவெடுத்த நீல ஓவர்கோட்டை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அதை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"ஹேளி, சொல்லுங்க கிங்ஸ்லி," என்றார் பிரசாந்த். "அந்தக் கடிதம் நிஜமா?"

கிங்ஸ்லி தரையைப் பார்த்தான். ஜீவிதாவின் கையிலிருந்த ஓவர்கோட்டைப் பார்த்தான். ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவன் உதடு கோணியது. நாலு நொடி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, சிரித்துவிட்டான்.

"நடந்துச்சு சார்," என்றான். "புக்குல தப்பா இருந்துச்சு, அந்தம்மா ஒரு வரி விடாம படிச்சிருக்காங்க, மெஷின் பிழிஞ்சுது. நான் நாப்பத்திரெண்டு குச்சி தின்னேன்."