மொட்டை மாடியில் ஓலைக் கொட்டாய்

பச்சைத் தென்னங்கீற்று ஏற்றிய மினி லாரி வாசலில் வந்து நின்றதும் வீட்டுக்காரி கன்னியம்மா பதறிப்போய் வெளியே ஓடி வந்தாள். சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டு முன்னால் திடீரென்று பச்சை ஓலை வந்து இறங்கினால் அது கல்யாணம். கல்யாணம் இல்லையென்றால் சாவு.

"யாருக்கு இன்னா ஆச்சு டீச்சரம்மா?" என்று மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினாள்.

மாடியில் குடியிருந்த ஷூலமித் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. எங்க பண்டிகை. மேல ஒரு கொட்டாய், ஏழு நாளுக்குன்னு போன வாரம் கேட்டேனே?"

"துணிப் பந்தல்னு இல்ல நெனச்சேன்! பொண்ணு வயசுக்கு வந்தாத்தான் ஓலையில குடிசை கட்டுவாங்க. கிறிஸ்டியன்ல இது மாதிரி ஒரு பண்டிகையை நான் பாத்ததே இல்லியே?"

ஷூலமித் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனாள்.

அவள் கிறிஸ்தவள் இல்லை. மும்பைக்குப் பக்கத்தில் தானேயில் பிறந்து வளர்ந்த யூதப் பெண். எந்தக் காலத்திலோ கப்பல் உடைந்து கொங்கணக் கரையில் ஒதுங்கி, செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, ஓய்வுநாள் என்று சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடாமல் இருந்த ஜனம் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் பேசுவது மராத்தி. பாதிச் சொந்தம் அவள் பிறப்பதற்கு முன்பே இஸ்ரேலுக்குப் போய்விட்டது. மீதிப் பாதி அவள் கண்ணெதிரே போனது. ஒரே தம்பி தானியேலும் இப்போது அங்கே அஷ்தோதில் இருக்கிறான். நான்கு வருஷம் முன்பு ஒரகடம் சாலையில் இருக்கும் இன்டர்நேஷனல் பள்ளியில் நூலகர் வேலை கிடைத்து வந்தபோது, அலுவலகத்தில் படிவம் நிரப்பிய ஆள், "ஷூலமித்னா பைபிள் பேருதானே மேடம்?" என்று அவனாகவே மதத்தை எழுதிக்கொண்டான். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டாள். வருஷா வருஷம் டிசம்பரில் அவள் மேஜைக்கு ஒரு கேக் பெட்டி வந்துகொண்டிருந்தது.

பண்டிகைக்கு லீவு போட்டுத் தானேக்குப் போய்விடுவதுதான் வழக்கம். அங்கே ஜெபாலய வளாகத்தில் பெரிய கொட்டகை போடுவார்கள். அம்மாவோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். இந்த மாசியில் அம்மா போய்விட்டாள். வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. இனி யாரைப் பார்க்க ரயில் ஏறுவது? ஐம்பதை நெருங்கும் வயதில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு கொட்டகை போடலாம் என்று நினைத்தாள்.

ஓலை மேய வந்த மாசானத்துக்கு அவள் சொன்னது பிடிபடவே இல்லை.

"கொஞ்சமா போடுங்க. நிழல் இருக்கணும், ஆனா ராத்திரி நட்சத்திரம் தெரியணும்."

"நச்சத்திரம் தெரியுத மாதிரி மேஞ்சா, அத மேய்ச்சல்னா சொல்லுவாவ? நாளைக்கு எவன் என்னைய வேலைக்குக் கூப்பிடுவான்?" என்றவர் நெருக்கமாகவே மேய்ந்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் ஷூலமித் முக்காலி போட்டு ஏறி, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கீற்றுகளை உருவி எடுத்தாள். நார் அறுத்து விரலில் ரத்தம் வந்தது.

பௌர்ணமி அன்று மாலை பண்டிகை தொடங்க வேண்டும். கொட்டகையில் தனியாக உட்காரக் கூடாது, விருந்தாளி வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. பள்ளியில் நான்கு பேரை அழைத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் லீலாவும் கணக்கு வாத்தியார் நம்பிராஜனும் "கட்டாயம் வர்றோம்" என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆசிரியர்கள் எல்லோருக்கும் வீடு சென்னையில். நாலேகாலுக்குக் கிளம்பும் பள்ளிப் பேருந்தை விட்டால் அவர்களுக்கு வீடு திரும்ப வேறு வண்டி இல்லை. அன்றும் நாலேகாலுக்குப் பேருந்து கிளம்பியது. ஜன்னலோரம் லீலா கையசைத்தாள். "சாரி ஷூலா! பையனுக்கு நாளைக்கு டெஸ்ட். வீக்கெண்ட் பாக்கலாம்!" வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான்.

வீட்டுக்கு வந்ததும், பொழுது சாய்வதற்குள் தம்பிக்கு ஃபோன் போட்டாள். அவன் சந்தையில் இருந்தான்; சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

"யார் யார் வந்திருக்காங்க அக்கா?" என்று மராத்தியில் கேட்டான்.

"பள்ளிக்கூடத்து ஆளுங்க. எட்டுப் பேர்."

"எட்டா! சமைச்சு முடியுமா உன்னால?"

"முடிச்சுட்டேன்" என்றாள். கொட்டகைக்குள் பாயில் ஐந்து தட்டுகள் இருந்தன. புரட்டாசியில் வீட்டுக்குள் மீன் வரக் கூடாது என்று கன்னியம்மா சொல்லியிருந்ததால் பூசணிக்காயைத் தேங்காய்ப்பாலில் போட்டு வைத்திருந்தாள். சப்பாத்தியும், கறுப்புத் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறும் இருந்தன. விளக்கேற்றி, ஆசீர்வாதத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கொடியில் காய்ந்த சீருடையை எடுக்க முத்துச்செல்வி மேலே வந்தாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண்; செல்போன் கம்பெனியில் வேலை. கீழே பின்கட்டு அறையில் ஐந்து பெண்களோடு இருக்கிறாள்.

"என்னக்கா, குச்சு கட்டிருக்கிய? யாருக்குச் சடங்கு?"

"சடங்கு இல்லம்மா, பண்டிகை. எங்க ஜனம் அந்தக் காலத்துல நாப்பது வருஷம் பாலைவனத்துல குடிசை போட்டு நடந்தாங்க. அத மறக்கக் கூடாதுன்னுதான் இது."

"நாப்பது வருசமா? அம்புட்டுத் தூரமாக்கா?"

"தூரம் அவ்வளவு இல்ல. போய்ச் சேரத்தான் முடியல."

முத்துச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்து, "நெலா தெரியுது" என்றாள். ஒரு சப்பாத்தியைப் பாதி தின்பதற்குள் கீழேயிருந்து தோழிகள் கூப்பிட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம். "குடம் புடிச்சிட்டு வந்துருதேன்க்கா" என்று மீதியைக் கையில் வைத்தபடியே ஓடினாள். அதன்பிறகு வரவில்லை. மறுநாள் அவளை நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்தடுத்த நாட்கள் அப்படியே போயின. வார இறுதியில் லீலா கூப்பிடவில்லை. தட்டுகளை ஐந்திலிருந்து இரண்டாக்கினாள் ஷூலமித். இரண்டாவது தட்டையும் எடுக்க மனம் வரவில்லை.

ஞாயிறு நல்ல மழை. திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தவள் படியேறி அப்படியே நின்றுவிட்டாள். கொட்டகை மேல் நீல நிறத் தார்ப்பாய் மூடி, நான்கு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் கன்னியம்மாவின் புருஷன் பொன்னுரங்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அவர்.

"நேத்து மழையில நனைஞ்சுக்கினு உக்காந்து துன்றீங்க, பாக்கவே கஷ்டமாப் போச்சு. லீவு போட்டுக் கட்டிட்டேன். இனிமே ஒரு சொட்டு உள்ள வராது!"

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். அவர் திருப்தியாக இறங்கிப் போனார்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். தட்டு, பாய், தன் கை எல்லாமே நீலமாகத் தெரிந்தன. மேலே துணி மூடினால் கொட்டகை கொட்டகையே ஆகாது. பண்டிகை முடிய இனி இரண்டே நாள். பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படித்தான் நான்கு வருஷமாக விட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள்.

"ஐயா, கொஞ்சம் மேல வர்றீங்களா?"

பொன்னுரங்கம் மூச்சு வாங்க வந்தார். "இன்னா டீச்சரம்மா, ஒழுவுதா?"

"இல்ல. வானம் தெரியல. எங்க பண்டிகையில கூரை வழியா வானம் தெரியணும். மழை வந்தா வரட்டும்." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் கிறிஸ்டியன் இல்லங்க ஐயா."

"முஸ்லிமா?"

"இல்ல. யூதர்."

அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "இங்க எத்தினி பேரு கீறீங்க?"

"நான் ஒருத்திதான்."

"படப்பையில?"

"இல்ல."

"மெட்ராஸ்ல?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லங்க."

பொன்னுரங்கம் கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். தார்ப்பாயின் இந்த முனையை அவர் பிடிக்க, அந்த முனையை அவள் பிடித்து மடித்தாள். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர் அவர். மடித்து முடித்துத் தார்ப்பாயை ஓரமாக வைத்தார். அப்புறம் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இங்க யாரு தூக்கறது?"

அம்மா போன நாளிலிருந்து ஷூலமித் தனக்குள் கேட்டு, பதில் தெரியாமல் ஒதுக்கி வைத்த கேள்வி அது. வெளியில் யார் வாயிலிருந்தும் இதுவரை கேட்டதில்லை.

"தெரியலங்க ஐயா."

"எப்படிச் செய்யணும்னு சொல்லி வையிங்க. நாங்க கீறோம்ல? எரிக்கறதா, பொதைக்கறதா?"

"எரிக்கக் கூடாது. முடிஞ்சா அன்னிக்கே அடக்கம் செய்யணும். வெள்ளைத் துணி."

"பூ, தாரை தப்பட்டை?"

"ஒண்ணும் வேணாம்."

"சரி" என்று தலையாட்டினார். "தம்பி நம்பரக் கன்னியம்மா கிட்ட எழுதிக் குடுத்துடுங்க." தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அவள் கொட்டகைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கன்னியம்மா யாரையோ திட்டும் சத்தம் கீழே கேட்டது. நேற்றைய ஈரம் இன்னும் வடியாத ஓலைகளுக்கு நடுவே வானம் மங்கலாகத் தெரிந்தது. நட்சத்திரம் எதுவும் வந்திருக்கவில்லை. ஷூலமித் முகத்தைத் துடைத்துக்கொண்டு சப்பாத்தியைப் பிட்டு, ஆசீர்வாதத்தைத் தன் காதுக்குக் கேட்கும்படி சொன்னாள்.