கண்ணீரைவிட உப்பு கூடாது

நான் வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஷேர் ஜீப்பு ஓட்டுகிறவன். பேர் சின்னதுரை. ஆனால் ஸ்டாண்டில் ‘துணுக்கு’ என்று கேட்டால்தான் தெரியும். பஜ்ஜி மடித்துத் தரும் பேப்பரைக்கூடப் படிக்காமல் கசக்கிப் போட மாட்டேன். உலகத்து அதிசயம் எதுவாவது கண்ணில் பட்டால் கிழித்து வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறியவர்களிடம் எடுத்துவிடுவேன். மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது என்று ஒருநாள் சொன்னதற்கு, கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்த பூமாலை, “அப்ப எங்க கொல்லைல வெளையறதுக்கு பாஸ்போர்ட்டு கேப்பியா?” என்றான். வண்டியே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டேன்.

போன ஐப்பசி மழையில் இருசம்மாள் என் வண்டியில் ஏறினாள். நைனார்பாளையத்துக்காரி, களை வெட்டும் கூலிக்கு மலைக்கு வந்தவள். மடியில் ஒன்றரை வயசுப் பெண் இசைவாணி. முந்தின நாளிலிருந்து வாந்தியும் பேதியும். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு எப்படியாவது கொண்டுபோகணும்.

பாதி மலை இறங்கியதும் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கல் இன்னும் உருண்டுகொண்டிருந்ததால் நடந்துகூடத் தாண்ட முடியாது. திரும்பலாம் என்றால் பின்னால் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. போனில் டவர் இல்லை. ஜேசிபி வர ரெண்டு மணி நேரமாவது ஆகும் என்று சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கத்திச் சொன்னார்கள்.

வளைவில் அம்சவள்ளியின் டீக்கடை இருந்தது. எல்லாரும் அங்கே ஒதுங்கினோம்.

“புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா,” என்றேன்.

“வேணாண்ணா. குடுக்கக் குடுக்க வெளிய போய்க்கினே கீது. தண்ணியே காட்டாத, தானா நிக்கும்னு எங்க வூட்ல சொன்னாங்க. நேத்து சாயங்காலத்துலருந்து ஒரு சொட்டு குடுக்கல.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! “அறிவு கீதா உனக்கு? புள்ளைய நீயே கொன்னுடுவ போலக்கீதே!” என்று கத்திவிட்டேன்.

அவளும் விடவில்லை. “வண்டில துணுக்கு சொன்னா நீ இன்னா டாக்டரா? எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ தருவியா?” என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

 நான் வண்டிக்கு ஓடி, கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருந்த கிழிசல்களில் தேடி, எண்ணெய்க் கறை படிந்த ஒன்றை எடுத்துவந்து சத்தமாகப் படித்தேன்.

1971. இன்றைக்கு வங்கதேசமாக இருக்கிற நாட்டில் சண்டை. உயிருக்குப் பயந்து லட்சக்கணக்கான ஜனங்கள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்து முகாம்களுக்கு வந்தார்கள். அங்கே காலரா. ஏற்றுவதற்கு டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. ஒரு டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து டிரம்மில் வைத்தார். சேற்றுத் தரையில் உட்கார்ந்து, டம்ளரில் மொண்டு மொண்டு குடிக்கவைத்தவர்கள் பெற்றவர்களும் சொந்தக்காரர்களும்தான். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. பிற்பாடு அந்த வங்கதேசத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: அரை லிட்டர் தண்ணீர், நாலு விரலால் ஓர் அள்ளு வெல்லம், மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு. கண்ணீரைவிட உப்பு கரிக்கக் கூடாது.

இருசம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “அங்கயும் பெத்தவங்கதான் குடுத்தாங்களா?”

“ஆமாம்மா. டிரிப்பும் இல்ல, போக வழியும் இல்ல. நம்மள மாதிரிதான்.”

அம்சவள்ளி ஆற வைத்திருந்த வெந்நீரை மொண்டாள். சுக்குக் காபிக்கு வைத்திருந்த வெல்லத்தை நுணுக்கிப் போட்டாள். உப்பை நான் போட்டேன். அவசரத்தில் அள்ளிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. இருசம்மாள் கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்புறம் அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

“உப்பு ஜாஸ்திண்ணா. கீழ ஊத்து.”

இரண்டாவது தடவை அவளே கலந்தாள். முதல் மூன்று ஸ்பூனைக் குழந்தை கக்கியது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவள் அசரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு ஸ்பூன், அப்புறம் ஒரு ஸ்பூன். பிறகு கக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இசைவாணி தானாகவே ஸ்பூனைக் கடித்துப் பிடித்தது. அம்சவள்ளி, “அடி என் தங்கமே!” என்று கத்திய கத்தலில் ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

ஜேசிபி வந்து மண்ணை அள்ளி வழி விட்டதும், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழியில் தண்ணீர் உள்ளே போயிருக்காவிட்டால் குழந்தை வந்து சேர்ந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னாராம்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். இருசம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலில் விழ வந்தாள். நான் துள்ளி விலகினேன்.

“அட இன்னாம்மா நீ! நான் இன்னா பண்ணேன்? பஜ்ஜி மடிச்ச பேப்பரு. உன்னக் கத்துனதுக்கு நான்தான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“கத்துனதாலதாண்ணா கேட்டேன்,” என்றாள். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “வீடு வீடாப் போன அந்தப் பொம்பளைங்க பேரு அதுல போட்டுக்கீதா?” என்றாள்.

“இல்லம்மா. ஒருத்தர் பேருகூட இல்ல.”

“அவங்க ஊரு எந்தப் பக்கம்ண்ணா?”

இத்தனை துணுக்கு படித்தவனுக்கு அது சட்டென்று தெரியவில்லை. வெயில் வந்த பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, வடகிழக்கே, சைக்கிள் ஸ்டாண்டு இருந்த பக்கமாகக் கை காட்டினேன். இருசம்மாள் அந்தப் பக்கம் திரும்பி, குழந்தையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, “கும்புடுடி கண்ணு,” என்றாள்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.