உத்திராபதியின் கரண்டு வைத்தியம்

பதினோராயிரம் வோல்ட் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பல் குத்துகிற ஆள் லைன்மேன் உத்திராபதி. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான், கண் டாக்டரின் கத்தி.

இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருஷமாகப் பெரம்பலூர் கடைத்தெருவில் யார் வணக்கம் போட்டாலும், ஆள் தெரியாமலே "வாங்க, வாங்க" என்று பொதுவாகச் சிரித்து வைத்துக் காலம் தள்ளினார். கம்பத்தில் ஏறும் வேலையை, உடன் வேலை பார்க்கும் இளையபெருமாள் தலையில் கட்டிவிட்டார். ஆபீசில் அடுத்த மாதம் கண் பரிசோதனை. அதில் தவறினால் கம்பத்தை மறந்துவிட்டு மேஜைக்கு முன்னால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அரியலூரில் ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் முகாம் என்று கேள்விப்பட்டதும், மனைவி செங்கமலம் அவரைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். இவர் விடுவாரா? கடைத்தெரு லாட்ஜ் மாடியில் ஒரு கரண்டு டாக்டர் வந்து தங்கியிருந்தார். சுவரில் பிளக்கைச் சொருகி, ஈரப்பஞ்சு வைத்த இரண்டு தகடுகளை மூடிய கண்மேல் வைத்து, லேசாகக் கரண்டு விட்டு நரம்பை உசுப்புகிற வைத்தியம். மொத்தம் ஆறு தடவை.

"இருபது வருசமா கரண்டோட குடித்தனம் பண்றேன். அது எனக்குத் துரோகம் பண்ணாது" என்றார் உத்திராபதி.

"ஆறு தடவையும் போயிட்டு வாங்க. அதுக்குள்ள வெளிச்சம் தெரியலன்னா, வாயத் தொறக்காம அரியலூர் பஸ் ஏறணும். சம்மதமுங்களா?" என்றாள் செங்கமலம்.

சம்மதித்தார். ஐந்து தடவை சுருக் சுருக்கென்று குத்தியதே தவிர, ஒரு மின்மினி வெளிச்சம்கூடத் தெரியவில்லை. மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

அன்று பார்த்துக் கடைத்தெருவில் கம்பியை உரசும் மரக்கிளைகளை வெட்டும் வேலை வந்தது. கம்பத்தில் ஆள் ஏறுமுன் சப் ஸ்டேஷனில் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். அவர்கள் கரண்டை நிறுத்திவிட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். சீட்டை வாங்கியவரே திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மறுபடி கரண்டு. நடுவில் மந்திரியே வந்து நின்றாலும் கிடையாது. மேலே இருப்பவன் உயிர் அந்தச் சீட்டில் இருக்கிறது. உத்திராபதி அதை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பத்தரை மணிக்கு இளையபெருமாள் வேலையை முடித்து இறங்கினான்.

"ஒரு டீயக் குடிச்சிட்டு, நேரா போய் சீட்டக் குடுத்துடறேன்" என்று சொன்ன உத்திராபதி, மாடிப்படியைக் கண்டதும் சீட்டை மறந்தார். கண் பயம் அப்படி.

டாக்டர் தகடுகளை அழுத்திப் பிடித்தார். "கடைசி நாளு. கொஞ்சம் கூட்டியே வைக்கிறேன்" என்று பெட்டியின் குமிழைத் திருகினார். பெட்டியிலிருந்த சிவப்பு விளக்கு பியூஸ் போய் எத்தனையோ மாதமாயிற்று.

"இன்னைக்கு சுருக்குன்னே குத்தலீங்களே?"

"நரம்பு ஏத்துக்கிடுச்சுன்னு அர்த்தம்."

அப்போதுதான் அது வந்தது. முதலில் ஒரு மஞ்சள் புள்ளி. பிறகு வட்டம் வட்டமாக, திருவிழா வாணம் மாதிரி.

"தெரியுது டாக்டர்! பச்ச! செவப்பு! அய்யோ, என்னா வெளிச்சம்!"

உத்திராபதிக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தி இல்லை, மேஜை இல்லை, கம்பம் மறுபடி தன்னுடையது என்று நெஞ்சு நிறைந்து போனது. டாக்டருக்கோ அவரைவிட ஆச்சரியம். அவருடைய வைத்தியத்தில் இத்தனை கலர் பார்த்தவர் அதுவரை யாருமில்லை.

படியில் தடதடவென்று சத்தம். கீழே மாவு மில் வைத்திருக்கும் அய்யம்பெருமாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"லைன்மேன் இங்கயா இருக்கீரு? எட்டரையிலேர்ந்து தெருவுல கரண்டு இல்ல. அரைக்க வந்த சனம் என்னைய அரைக்குது. சீட்டு ஒங்க பையிலதான் இருக்காமுல்ல? இளையபெருமாள் டீக்கடை டீக்கடையா தேடுறான்யா!"

டாக்டர் பிளக்கைப் பார்த்தார். உத்திராபதி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"டாக்டர்... கரண்ட நிறுத்துனதே நான்தாங்க."

"அப்ப நீங்க பாத்த வெளிச்சம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

உத்திராபதி வெட்கத்தோடு சப் ஸ்டேஷனுக்கு ஓடிச் சீட்டைக் கொடுத்தார். கரண்டு இல்லாமல் பல்பு எரியாது என்று ஊருக்கே இருபது வருஷம் சொன்னவர், கரண்டே இல்லாமல் வாண வேடிக்கை பார்த்திருக்கிறார். தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

வீட்டில் ஒன்றையும் மறைக்கவில்லை. செங்கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"பயமா இருக்குங்களா?"

"ஆமா" என்றார் உத்திராபதி. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. "உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணான்னு ஆயிடுச்சுன்னா?"

"நீங்க போஸ்ட்ல ஏறுன ஒவ்வொரு நாளும் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. பயந்துகிட்டே சோறாக்கலையா? பயந்துகிட்டே வாங்க."

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் முகாமில் நீண்ட வரிசை. உத்திராபதி மனைவியின் கையை விடவே இல்லை. இவர் முறை வந்தது. டாக்டரம்மா ஒரு கண்ணைப் பொத்திவிட்டு, மறு கண்ணுக்கு நேராக டார்ச்சைப் பிடித்தார்.

"வெளிச்சம் தெரியுதுங்களா?"

உத்திராபதி அவசரப்படவில்லை.

"மொதல்ல டார்ச்சு எரியுதான்னு சொல்லிடுங்கம்மா" என்றார். "எரியலன்னாலும் எனக்குத் தெரியும்."