நிழலை மேய்ந்த மான்கள்

தை மாதக் கடைசியில் மான்கள் திருநாவுக்கரசின் நிழலைத் தின்றன. அதற்கு முந்தின வருஷம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தின்றிருந்தன, அதற்கும் முன்னால் உளுந்தையும் கத்திரிச் செடியையும். காப்புக்காட்டை ஒட்டிய அந்த நிலத்தில் மேய வேறொன்றும் மிச்சமில்லாமல் போகவே, வரப்பில் அசந்து நின்றவரின் காலடியிலிருந்து தொடங்கித் தலைவரை மேய்ந்துவிட்டுப் போயின. வலிக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். ஊரில் கொஞ்ச நாள் அதைப் பேசினார்கள். பிறகு கரும்பு வெட்டு வந்துவிட்டது.

நிழல் போனபின் வெயில் அவர்மேல் நிற்காமல் ஊடுருவிப் போனது. உட்கார்ந்தாலும் ஓய்வில்லை, தூங்கி எழுந்தாலும் அலுப்பு. சிதம்பரத்து டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிலத்தை மனை போடுகிறவரிடம் கொடுத்துவிட்டுக் கடலூரில் ஏதாவது லாட்ஜுக்கு வாட்ச்மேனாகப் போவதென்று அவர் முடிவெடுத்தார். மனைவி மலர்க்கொடி எதிர்த்துப் பேசவில்லை, அவளும் களைத்திருந்தாள். அக்காவின் சாவுக்குக் கடலோரத்துக் கிள்ளைக்குப் போனவள், சுடுகாட்டு மணலில் பூத்துக் கிடந்த நித்தியகல்யாணியை வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"சுடுகாட்டுப் பூவையா கொண்டாந்து நடுற?" என்றார் அவர்.

"மானு வாய் வெக்காதது இது ஒண்ணுதாங்க. அவ்ளோ கசப்பு. ஒரு வருஷம் பாப்போம், அப்பறம் வித்துடுங்க."

வெயில் குடித்து வளர்கிற செடி அது. நிழல் விழாத மனிதர் பகலெல்லாம் பக்கத்தில் குனிந்து களையெடுத்தும் ஓர் இலைக்குக்கூட வெயில் குறையவில்லை. நான்கு வரப்பிலும் அடர்ந்து, கோடை, மழை என்று பாராமல் பூத்தது. மான்கள் வந்து முகர்ந்தன, தும்மின, திரும்பிப் போயின. தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் வந்தன. உள்ளே போட்ட பரங்கி பிஞ்சிலேயே வெம்பாமல் காய்த்தது. வருஷம் முடிந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. மனைக்காரர் சில தடவை போன் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அடுத்த சித்திரையில் பட்டாம்பூச்சிகள் அவர் தலைக்குமேல் பந்தல்போலக் கூடி நின்றன. அவர் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. உச்சி வேளையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த மலர்க்கொடி, அந்தப் படபடக்கும் நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். கால் கடுக்கிறது என்றார் அவர்.

"செத்த நேரம் அப்புடியே நில்லுங்க. தின்னுட்டு எந்திரிக்கிறேன்."

அவர் நின்றார். அவள் அவசரப்படாமல் சாப்பிட்டாள்.