மேல்தொட்டியில் கிடந்த பை

மார்ச் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை, பண்ணையின் இரண்டாம் கொட்டகையில் எடுத்த ஐந்து மாதிரிகளில் மூன்றில் சால்மொனெல்லா கிருமி இருந்தது. குஞ்சுகளுக்கு அன்று வயது பத்தொன்பது நாள்.

பண்ணைக்காரி அறிக்கையை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்க முடியாமல் கசக்கி மேஜைமேல் எறிந்தாள். போன வருடம் அவளுடைய முட்டையைத் தின்று ஒரு விடுதியில் முப்பத்தொரு பேர் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். அன்றிலிருந்து முட்டை விற்கத் தடை. புதிதாக இறக்கிய நாலாயிரம் குஞ்சுகளுக்கு இரண்டு சோதனைகள். ஒரு மாதம் கழித்து வரும் இரண்டாவதில் துளிக் கிருமி இருந்தாலும் பண்ணையின் உரிமம் போய்விடும்.

குஞ்சுகளின் குடிதண்ணீரில் கலக்க நல்ல பாக்டீரியாப் பொடி விற்றவருக்குப் போன் போட்டாள்.

“என்னய்யா வித்தீங்க? சுண்ணாம்புத் தூளா?”

“கோவப்படாதீங்க மேடம்…”

“கோவமா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நல்ல பாக்டீரியா மொத நாளே வயித்துல துண்டு போட்டு இடம் பிடிச்சுக்கும், கெட்டது வந்தா உக்கார இடம் இருக்காதுன்னு சொன்னீங்களே. இப்ப யாரு உக்காந்திருக்கான்னு வந்து பாருங்க!”

“அது உயிருள்ள பொருள் மேடம். தண்ணியில குளோரின் இருந்தா செத்துடும். நிறுத்தினீங்களா?”

“குஞ்சு வர்றதுக்கு மொத நாளே நிறுத்தி, தொட்டியைக் கழுவி, சோதிச்சும் பாத்தாச்சு. எனக்குப் பாடம் நடத்தாதீங்க.”

“அதுக்கப்புறம் சோதிச்சீங்களா?”

அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த கல்லாக உறுத்தியது. அலமாரியைத் துழாவி, குளோரின் பட்டால் நிறம் மாறும் சோதனைத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். குஞ்சுகள் கொத்திக் குடிக்கும் குழாய் முனையில் ஒரு சொட்டைப் பிடித்தாள். வெள்ளைத் தாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.

இரும்பு ஏணியில் ஏறி மேல்தொட்டியின் மூடியைத் தள்ளினாள். உள்ளே நைலான் கயிற்றில் ஒரு வலைப்பை தொங்கியது. அதற்குள் பாதி கரைந்த குளோரின் மாத்திரைகள்.

தண்ணீர்ப் பொறுப்பு முழுக்க அத்தானுடையது. அக்காவின் புருஷன். விடுதி விவகாரத்துக்குப் பிறகு அவருக்குக் கழுவுகிற வெறி பிடித்திருந்தது. கொட்டகை ஆட்கள் அவருக்கு ‘சுத்தம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

தீவன அறையில் அக்கா மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பண்ணைக்காரி சொட்டச் சொட்ட அந்தப் பையை அவர் காலடியில் போட்டாள்.

“எப்பலேர்ந்து இது?”

அவர் மழுப்பவில்லை. “மொத நாள்லேர்ந்து. நீ காலையில பொட்டலம் பொட்டலமா கிருமியைக் கொட்டுற. நான் பின்னாலயே போய் மாத்திரை போடுறேன். வீட்டுல ஒருத்தருக்காவது புத்தி வேணுமில்ல?”

“அது நல்ல கிருமி அத்தான்!”

“ஆமா, அது கழுத்துல போர்டு மாட்டிட்டு வருதா, நான் நல்லவன்னு?”

“சண்டை போடுறதுன்னா வெளிய போங்க. எச்சில் தீவனத்துல தெறிக்குது” என்றாள் அக்கா.

“நீ பேசாதக்கா. உனக்கு இது தெரியுமா தெரியாதா?”

அக்கா ஊசியை மூட்டையில் குத்தி வைத்தாள். “மாத்திரை நான்தான் வாங்கியாந்தேன். பாத்ரூமுக்குன்னு சொன்னாரு.”

“பத்தொம்பது நாள்! தெனம் நான் உயிரைக் கலக்கினேன், நீங்க தெனம் கொன்னீங்க. கொன்னுட்டு வந்து என் எதிர்லயே உக்காந்து டீ குடிச்சீங்க!”

அத்தான் துடைக்கிற துணியைத் தராசின்மேல் எறிந்தார். “போன வருஷம் அத்தனை ஆபீசருங்க முன்னாடி ‘இவரு தொட்டி கழுவுன லட்சணம்’னு என்னைக் காட்டினியே. இந்தத் தடவையும் யாராவது விழுந்தா யாரைக் காட்டுவ? என்னைத்தானே?”

“குளோரின் போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன. ஏன்னு சொன்னியா? வேலைக்காரனுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிட்ட.”

அந்த வார்த்தை அவளுடைய ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. ஒரு காலி வாளியை எட்டி உதைத்தாள். அது சுவர்வரை உருண்டு போய் மோதியது.

“சரி, இனிமே தொட்டிப் பக்கம் கை வைக்க மாட்டேன். இப்பப் போடேன் உன் பொடியை” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

“இப்பவா? கெட்டது வந்து குடும்பமே நடத்துது. இப்பப் போய்க் கதவைத் தட்டச் சொல்றீங்களா?”

ஆனாலும் போட்டாள். அன்றே தொட்டியைக் காலி செய்து, குழாய்களைக் கழுவி, குளோரின் இல்லாத தண்ணீரில் கலந்தாள். தினமும் காலையும் மாலையும் தாளை நனைத்துப் பார்த்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. தொட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அத்தானோடு அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் அக்கா வழியாகத்தான் போய் வந்தது.

ஏப்ரல் பதினாறாம் தேதி இரண்டாவது சோதனைக்கு வந்த அலுவலகத்து ஆட்கள் பூட்சின்மேல் துணி உறை மாட்டிக்கொண்டு கொட்டகை முழுக்க நடந்தார்கள். எச்சம் ஒட்டிய உறைகளைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள். ஐந்து மாதிரிகளில் ஒன்றில் சால்மொனெல்லா இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி உரிமம் ரத்தானது. மறுநாள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கோழிகளை அழிப்பதற்காக மூன்று லாரிகளில் ஏற்றினார்கள். கூண்டுகளை அத்தான் தூக்கிக் கொடுத்தார். பண்ணைக்காரி எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.