நாலு ரூபா உறை

கடுகண்ணாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹபீலுக்கு வாய் கொஞ்சம் நீளம். கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் வாப்பா முஹைதீனின் பிஸ்டல் கதை ஆரம்பமாகிவிடும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் பேராதனை முகாமைக் காலி செய்தபோது பட்டாளத்துச் சாமான்களை விற்றானாம். வாப்பா எழுபத்தைந்து ரூபாவை எண்ணி வைத்து ஒரு பிஸ்டல் வாங்கினாராம். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொள்முதல் காசோடு கண்டிக்கு ரயில் ஏறுவாராம். ஒரு திருடன்கூடக் கிட்ட வந்ததில்லையாம். நாற்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பிஸ்டல் நன்றாகக் கொழுத்துப் போயிருந்தது.

போன மாதம் பிலிமத்தலாவையில் ஒரு கலியாணம். இப்போது அது எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

"வீட்டுலதான் ஈக்குது" என்று ஹபீல் ஒரே போடாகப் போட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான், லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று பொலிசுக்குப் பெட்டிசன் எழுதிவிட்டான்.

விசாரிக்க வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீதரன். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

"நீங்களாத் தந்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, ஐயா. தேடி எடுத்தம் எண்டால் பிணை கிடைக்கிறதே கஷ்டம்."

கொடுப்பதற்கு ஹபீலிடம் இருந்தால்தானே? வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அலுமாரியில் கிடைத்தது வெறும் தோல் உறை. பிஸ்டலை அவர் எங்கோ ஒளித்துவிட்டார் என்றே மகன் இத்தனை காலமும் நம்பியிருந்தார். மூன்று நாள் தேடினார். கிணற்றில் ஆள் இறக்கினார். கொய்யா மரத்தடியைத் தோண்டினார். அறுபத்தெட்டு வயதில் விலங்கோடு கடைத்தெருவில் நடப்பதை நினைத்து இன்னொரு குழியும் தோண்டினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல மழை.

"வாப்பாட பில்லுகளப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி பாயிஸா.

வாப்பா எந்தப் பில்லையும் வீசியவரல்ல. வருஷத்துக்கு ஒரு கம்பியில் குத்திப் பரணில் தொங்கவிட்டிருந்தார். போன நோன்புக்கு முந்தி ஹபீல் எல்லாவற்றையும் எரிக்கப் போனபோது மறித்தவள் பாயிஸாதான். இப்போது அவளே ஏணி வைத்து ஏறினாள். நாற்பத்தாறாம் வருஷக் கம்பியோடு அவள் இறங்கவும், வாசலில் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஸ்ரீதரன் கதிரையில் உட்கார்ந்து அந்த மஞ்சள் தாளை இரண்டு தடவை வாசித்தார். இங்கிலீஷில் டைப் அடித்த பில். பிஸ்டல் ஒன்று, எழுபத்தைந்து ரூபா என்ற வரி பேனாவால் வெட்டப்பட்டிருந்தது. அதன் கீழே: வெறும் தோல் உறை ஒன்று, நாலு ரூபா. பக்கத்தில் முத்திரையும் கையெழுத்தும்.

"ஐயா, உங்கட வாப்பா பிஸ்டல் வாங்கவேயில்லை. உறையைத்தான் வாங்கியிருக்கிறார்."

நாற்பது வருஷப் பிஸ்டல் ஒரு நொடியில் காணாமல் போயிற்று. ஹபீலுக்கு வெட்கமாகவும் இருந்தது, உயிர் திரும்பி வந்த மாதிரியும் இருந்தது.

"பின்னால என்னமோ எழுதி ஈக்குதே" என்றாள் பாயிஸா. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ். ஓதப்போன பள்ளியில் படித்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மெதுவாக வாசித்தாள்.

"பிஸ்டல் நமக்கு எதுக்கு. உறையக் கண்டாலே கள்ளன் பயப்படுவான். மிச்சம் எழுபத்தொரு ரூபாவுக்கு வீட்டுக்கு ஓடு போட்டாச்சு. அல்ஹம்துலில்லாஹ்."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. வாப்பா வாங்காமல் விட்டதற்காக ஹபீல் மனம் நிறைந்து அல்லாஹ்வைப் புகழ்ந்தார். பாயிஸாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சாப்பிடுங்க மொதல்ல" என்றாள் அவள்.

ஸ்ரீதரன் பில்லைப் போனில் படமெடுத்துக்கொண்டு எழுந்தார். "பெட்டிசனை மூடிவிடுறன். கதையை மட்டும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ."

அடுத்த கலியாணம் கம்பளையில். பில் விஷயம் அதற்குள் அங்கேயும் பரவியிருந்தது. ஹபீல் கை கழுவிவிட்டு வந்ததும் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, வாப்பாவின் எழுபத்தைந்து ரூபா இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"வீட்டுலதான் ஈக்குது" என்றார் ஹபீல். "மழ பெய்யக்குள்ள வாங்க, காட்டுறேன்."