பழுப்புத் தண்ணீர்

எங்கள் போர்வை தைக்கும் சங்கத்தில் இரண்டு கட்சி. துணியைத் துவைத்துவிட்டு வெட்டுகிற கட்சி, துவைக்காமல் வெட்டுகிற கட்சி. எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் தேர்தலுக்குக்கூட இவ்வளவு சண்டை நடக்காது. துவைக்கிற கட்சிக்கு நான் தலைவி. துவைக்காத கட்சிக்கு ஆர்டிஸ். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை லூத்தரன் சர்ச்சின் கீழறையில் ஒட்டுத்துணிப் போர்வையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து, முப்பத்தோரு வருஷமாக இதையே பேசியிருக்கிறோம்.

"புதுத்துணி மொறமொறன்னு இருக்கறப்பவே வெட்டினாத்தான்டி மூலை சரியா வரும். சோப்புல முக்கிட்டா வதங்கின கீரைதான்" என்பாள் அவள்.

"சாயம் போயி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆனப்புறம் அந்த மூலையை வச்சு நாக்கு வழிச்சுக்கோ" என்பேன் நான்.

சங்கத்தின் மாத இதழை எழுதுவதும் நான்தான். யார் என்ன தைத்தார்கள், யாருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள், அடுத்த மாதத்துக்கு என்ன வடிவம் என்று இரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு சமையல். தைக்கிறவளுக்கு ஏற்ற சமையல். காலையில் மின்சாரப் பானையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் மாலையில் சாப்பாடு தயாராக இருக்கும். நடுவில் எழுந்துபோய்க் கிளறக் கூடாது, விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. அதற்கும் கீழே, ஒவ்வொரு இதழிலும், கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: துவைத்துவிட்டு வெட்டுங்கள்.

அக்டோபரில் ஆர்டிஸின் கணவர் எல்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். அதற்கு முன்பே அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும் சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மார்லிஸ்தான் வாரம் ஒருமுறை போய் அவளுக்குக் கடிதங்களையும் எங்கள் இதழையும் படித்துக் காட்டுவாள்.

பிப்ரவரியில் ஆர்டிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு தலையணை உறையைக் கையில் கொடுத்தாள். வாய் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே எல்டனின் கட்டம் போட்ட சட்டைகள், பதினொன்று.

"இதுல எனக்கு ஒரு போர்வை தைச்சுக் குடு வெர்லா. சட்டையா இருந்தா அலமாரியிலதான் கெடக்கும். போர்வைன்னா மேல போட்டுக்கலாம்."

"தைச்சுட்டாப் போச்சு."

"ஏய், சோப்புப் பைத்தியம்! துவைச்சுக் கிவைச்சுத் தொலைச்சிராதே. சொல்லிட்டேன்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். "ஆமாமா, உன் வீட்டு அழுக்கோடவேதான் தைக்கப் போறேன், பாரேன்."

பழைய சண்டை மறுபடி கிளம்பிவிட்டது என்றுதான் எனக்குச் சந்தோஷம். பாவி, எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தேன். எல்டன் பைப்பில் பிடித்த புகையிலை, தானியத் தூசி, வேர்வை எல்லாம் சேர்ந்த நெடி. சீ என்று மூக்கைச் சுளித்து, சட்டைகளையும் உறையையும் சேர்த்து வெந்நீரில் போட்டேன். தண்ணீர் டீ மாதிரி போனது. மறுபடி ஒரு தடவை போட்டேன். வினிகரும் ஊற்றினேன். இரண்டாவது தடவை தண்ணீர் தெளிந்து போனதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. அதோடு விட்டேனா? மார்ச் இதழில், கோழி நூடுல்ஸ் குறிப்புக்கு மேலே, நான்கு வரி எழுதினேன்: "துவைக்காத கட்சியின் கவனத்துக்கு. உங்கள் தலைவி கொடுத்த சட்டைகளிலிருந்து போன தண்ணீர் என்ன நிறம் தெரியுமா? பழுப்பு!"

இதழ் போன மூன்றாம் நாள் மார்லிஸ் போன் செய்தாள். அதற்குள் போர்வை முக்கால்வாசி முடிந்திருந்தது. நாற்பத்திரண்டு கட்டங்கள் சேர்த்து, பஞ்சு வைத்துத் தைத்தாகிவிட்டது, ஓரம் மடிப்பது மட்டும் பாக்கி.

"வெர்லா, என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"ஏன், உப்பு ஜாஸ்தியாப் போட்டுட்டேனா?"

"உப்பு இல்ல. அந்தத் தண்ணி." அவள் குரல் சரியில்லை. "போட்டோவுல எல்டன் முகம் தெரியலையாம் அவங்களுக்கு. நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்காம். 'எங்கிட்ட அவர் வாசனைதான் மிச்சம், அதைத்தான் வெர்லாகிட்ட குடுத்திருக்கேன்'னாங்க. நான் அந்த நாலு வரியை முழுங்கிட்டு நேரா கோழிக்குப் போயிட்டேன்."

போனை வைத்தேன். வெட்டிப்போட்ட காலர், மணிக்கட்டுப் பட்டி, பொத்தான் பட்டி எல்லாவற்றையும் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி ஒவ்வொன்றாக முகர்ந்தேன். எல்லாம் சோப்பு. தலையணை உறையும் சோப்பு. என் வீடு முழுக்க அந்தச் சனியன் பிடித்த சோப்பு வாசனைதான்.

மறுநாள் கோழி நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அங்கே எல்டனின் தொப்பியோ கோட்டோ ஏதாவது இருக்கும், அதையாவது உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

"அவரோட கோட்டு எங்கடி?"

"கோட்டு, தொப்பி எல்லாம் சர்ச்சுக்குக் குடுத்துட்டேன். அதான் போர்வை வருதே" என்றாள் ஆர்டிஸ். உருளைக்கிழங்கு மசியல் மேல் நூடுல்ஸை ஊற்றி, தட்டை ஓரக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். "மிளகு பத்தலை. கண்ணு போனாலும் நாக்கு போகலை பாரு, அதுவே பெரிசு."

வாய் வரைக்கும் வந்தது. மென்று முழுங்கிவிட்டேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினேன். வழியில் அதே பைப் புகையிலை ஒரு பாக்கெட் வாங்கி, போர்வையோடு பெட்டியில் ஒரு வாரம் மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் கடை வாசனைதான் அடித்தது. எல்டன் இல்லை. வெயிலில் போட்டு அதையும் போக்கினேன். வேறு என்ன செய்வது? துவைத்ததைத் துவைக்காததாக ஆக்க இந்த உலகத்தில் ஒரு வழி உண்டா?

ஏப்ரல் கூட்டத்துக்கு மார்லிஸ் அவளைக் காரில் அழைத்து வந்தாள். கீழறை நிறையப் பெண்கள். மேஜையில் பானைகள் வரிசையாகச் சூடாகிக்கொண்டிருந்தன. அவள் உட்கார்ந்ததும் போர்வையை மடியில் விரித்தேன். தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூலையெல்லாம் சரியாத்தான் வந்திருக்கு. பரவாயில்லையே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு கட்டத்தைத் தூக்கி முகத்தில் வைத்தாள். கூடியிருந்தவர்கள் "அடடா" என்று உருகினார்கள். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆர்டிஸ் அடுத்த கட்டத்துக்குப் போனாள். அதற்கும் அடுத்தது. முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்துக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மார்லிஸ் மட்டும் தட்டவில்லை. யாரோ அவளிடம் இதழுக்குப் படம் எடுக்கச் சொன்னார்கள், கேமராவைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆர்டிஸ் போர்வையைப் புரட்டி மறுபக்கம் தேடினாள். ஓரத்தில் தேடினாள். நாற்பத்திரண்டு கட்டத்திலும் தேடினாள்.

அப்புறம் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் குனிந்தேன். என் காதில் மட்டும் விழும்படி கேட்டாள்:

"தண்ணி என்ன கலர்ல போச்சு?"

"பழுப்பு."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்டி. மன்னிச்சுக்கோ. நீ விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சு..."

"ம்" என்றாள். என் கையை விட்டுவிட்டாள். போர்வையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "யாராவது எனக்குச் சாப்பாடு போடுங்களேன்" என்றாள்.

ஆர்டிஸ் என் காதோடு பேசிய நேரத்தில்தான் மார்லிஸ் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். படத்தில் ஆர்டிஸ் என் காதில் ஏதோ ரகசியம் சொல்கிறாள், நான் குனிந்து கேட்கிறேன். பின்னால் எல்லாரும் கைதட்டுகிறார்கள். சங்கத்தில் ஒருத்தர் விடாமல் அதையே முதல் பக்கத்தில் போடச் சொன்னார்கள். போட்டேன். கொட்டை எழுத்து வரியை மட்டும் எடுத்துவிட்டேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"இப்படி ஒரு சிநேகிதி எல்லாருக்கும் கிடைக்கணும்" என்று இதுவரை ஒன்பது பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.